ஆறாவது கட்டத்தில் ஒரு கையெழுத்து

நாற்பத்திரண்டு வகுப்பறைகள், நூற்றுப் பதினெட்டு ஆசிரியர்கள், ஆறு ஆய்வுக்கூடங்கள், வாரத்துக்கு முப்பது பீரியட். இவ்வளவையும் ஒரே தாளில் உட்காரவைப்பதற்குப் பெயர்தான் கால அட்டவணை. ஓர் ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு அறைகளில் இருக்க முடியாது. ஓர் அறையில் இரண்டு வகுப்புகள் நடக்க முடியாது. வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கு மூன்று பீரியட் தொடர்ச்சியாக வேண்டும். பகுதிநேர ஆசிரியர்கள் செவ்வாயும் வியாழனும்தான் வருவார்கள். முட்டி வலிக்காரருக்கு இரண்டாவது மாடி ஆகாது, கைக்குழந்தைக்காரிக்குக் கடைசி பீரியட் ஆகாது. ஒன்றை நகர்த்தினால் ஏழு நகரும். ஏழையும் சரிசெய்து நிமிர்ந்தால் முதலில் நகர்த்தியது வேறு யார் தலையிலோ போய் உட்கார்ந்திருக்கும்.

இந்த வேலையைப் பதினோரு வருடமாகச் செய்துவந்தவர் கணிதத் துறையில் இரண்டாம் இடத்தில் இருந்த பேராசிரியை. எந்நேரமும் கட்டம் போட்டுக்கொண்டே இருந்ததால் மாணவர்கள் கட்டம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதல் வருடம் முறைத்தார். இரண்டாம் வருடம் கேட்காததுபோல் இருந்தார். மூன்றாம் வருடம் ஆசிரியர்களே அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவரும் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்.

அட்டவணை போடுவது பாதி வேலைதான். மீதிப் பாதி தினமும் காலையில் வரும். யாருக்காவது விடுப்பு வேண்டுமென்றால் அவருடைய வகுப்புகளை வேறு யாராவது எடுக்க வேண்டும். யாருக்கு எந்த பீரியட் காலி என்பது கட்டம்மாவுக்கு விரல் நுனியில். விடுப்பு விண்ணப்பத்தில் மொத்தம் எட்டுக் கட்டங்கள் உண்டு. பெயர், துறை, நாட்கள், காரணம், முகவரி. ஆறாவது கட்டத்தில் ‘மாற்று ஏற்பாடு செய்யப்பட்டது’ என்று அச்சடித்திருக்கும். அங்கே கையெழுத்து இல்லாத விண்ணப்பத்தை அலுவலகம் தொடவே தொடாது. ஆகவே ஒன்பதே காலுக்கு அவருடைய மேஜை முன்னால் நாலைந்து பேர் நிற்பார்கள். அவர் யோசித்து, அங்கே இங்கே ஆள் சொல்லி அனுப்பி, ஆறாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். வாங்கிக்கொண்டு போவார்கள். அதற்காக அவரிடம் எந்த ஆணையும் யாரும் கொடுத்ததில்லை, அவரும் கேட்டதில்லை.

முதல்வர் பதவி காலியானபோது கட்டம்மா விண்ணப்பித்தார். அறிவிப்பில் ஒரு நிபந்தனை இருந்தது: கடந்த பத்து ஆண்டுகளில் தொடர்ச்சியாக ஐந்து ஆண்டுகள் நிர்வாகப் பொறுப்பு. ஆறு பேர் விண்ணப்பித்ததில் நான்கு பேருடையது ஏற்கப்பட்டது. ஒரு வியாழக்கிழமை மதியம் அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். கட்டம்மாவின் பெயர் கீழே, நிராகரிக்கப்பட்டவர்களில் இருந்தது. எதிரே காரணம்: ‘நிர்வாக அனுபவம் இல்லை’. ஆட்சேபம் இருந்தால் ஏழு வேலை நாட்களுக்குள் ஆதாரத்தோடு எழுதலாம்.

நேரே பொறுப்பு முதல்வரைப் போய்ப் பார்த்தார். அவர் இயற்பியல் துறைத்தலைவர். நான்கு மாதமாக அந்த நாற்காலியைப் பார்த்துக்கொள்கிறவர், ஏற்கப்பட்ட நால்வரில் ஒருவர். நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார், சர்க்கரை போதுமா என்றுகூடக் கேட்டார்.

“டைம்டேபிள் போடறது ஒரு உதவிம்மா. நிர்வாகம்ங்கிறது வேற. மனசுல வெச்சுக்காதீங்க. நான் வந்தாலும் அந்த வேலை உங்களுக்குத்தான், யாருக்கும் தூக்கிக் கொடுத்துட மாட்டேன்.”

ஆறுதல் சொல்லிவிட்டதாக அவர் உண்மையிலேயே நினைத்தார். கட்டம்மா தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

வீட்டில் கணவரிடம் சொன்னார். அவர் லிப்ட் மெக்கானிக். மாதம் இருபது கட்டிடங்களில் லிப்டைச் சோதித்துப் பார்த்து, உள்ளே தொங்கும் அட்டையில் கையெழுத்துப் போடுகிறவர். முழுவதும் கேட்டுவிட்டு, நிர்வாகம் என்றால் என்ன என்று விசாரித்தார். கட்டம்மா விளக்கினார். அவருக்குத் திருப்தியில்லை.

“ஏதாவது தப்பாப் போனா யாரைத் தேடி வருவாங்களோ அவங்கதானே பொறுப்பு? போன வருஷம் பரீட்சை ஹால் ரெண்டு வகுப்புக்கு மாத்திக் கொடுத்துட்டாங்கன்னு யாரைத் தேடி வந்தாங்க?”

“என்னைத்தாங்க.”

“அப்புறம் என்ன? அதை எழுது.”

எழுதினால் மட்டும் போதாது, ஆதாரம் வேண்டும் என்று கட்டம்மாவுக்குத் தெரியும். ஆதாரத்துக்கு எங்கே போவது என்றுதான் தெரியவில்லை. அதைக் கேட்க ஓர் இடம் இருந்தது.

ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த ஒன்பது கல்லூரிகளிலிருந்து ஒன்பது பெண்கள் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுவார்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூன்று பேர் தொடங்கியது அது. யாருக்காவது பதவி உயர்வு, நேர்முகத் தேர்வு, துறை மாற்றம் என்றால் மற்ற எட்டுப் பேரும் காகிதங்களை முதலிலிருந்து கடைசிவரை படிப்பார்கள். கூடும் இடம் அவர்களில் நூலகராக இருந்தவருடைய கல்லூரி. அங்கே நூலகத்தை ஒட்டிப் புவியியல் துறையின் வரைபட அறை இருந்தது, அதில் ஒன்பது பேர் சுற்றி உட்காரும் அளவுக்கு ஒரு மேஜையும் இருந்தது. கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம். முதல் பத்து நிமிடம் புலம்பலாம். மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு நடத்தும் எலும்பு டீச்சரின் கைபேசி பத்தாவது நிமிடத்தில் அலறும். அதற்குப் பிறகு புலம்பினால், அன்றைய கூட்டத்தின் குறிப்பை அவரே எழுத வேண்டும். அந்தப் பயத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

அந்தச் சனிக்கிழமை பத்து நிமிடமும் கட்டம்மாவுக்கே கொடுத்தார்கள். அவருக்கு ஆறு நிமிடம்தான் தேவைப்பட்டது.

பிறகு வக்கீலம்மா விண்ணப்பத்தைக் கையில் எடுத்தார். அவர் சட்டக் கல்லூரி ஆசிரியை. நீதிமன்றம் போவதில்லை, ஆனால் வகுப்பிலும் வீட்டிலும் குறுக்கு விசாரணைதான். பக்கம் பக்கமாகப் புரட்டி ஓரிடத்தில் நின்றார். ‘நிர்வாக அனுபவம்’ என்ற தலைப்பின் கீழே ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது. இரண்டு பக்கம் தள்ளி, ‘இதர சேவைகள்’ என்ற தலைப்பில், ரத்ததான முகாமுக்கும் மரம் நடு விழாவுக்கும் நடுவே, ‘கால அட்டவணை தயாரிப்பதில் உதவி’ என்று இருந்தது.

“இதை யார் எழுதினது?”

“நான்தான்.”

“அப்ப கமிட்டியைத் திட்டி என்ன பிரயோஜனம்? முதல் ஆளா உங்களை நிராகரிச்சது நீங்கதானே.”

யாரும் சிரிக்கவில்லை. மேஜையைச் சுற்றியிருந்த பலரும் தங்கள் விண்ணப்பங்களில் இதையேதான் செய்திருந்தார்கள். எலும்பு டீச்சர் தன்னுடையதில் ‘சிறு பணிகள்’ என்று எழுதியதை ஒத்துக்கொண்டார்.

கட்டம்மா ஆதாரமாக ஒரு நீண்ட குழாயைக் கொண்டுவந்திருந்தார். உள்ளே பதினோரு வருட அட்டவணைகள். ஒவ்வொன்றும் ஒரு மேஜை விரிப்பு அளவு. விரித்தபோது வரைபட அறைக்கே ஒரு புது நாடு வந்ததுபோல் இருந்தது. சிவப்பு ஆய்வுக்கூடத்துக்கு, நீலம் பகுதிநேரக்காரர்களுக்கு, பச்சை காலி பீரியடுக்கு. எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

“பிரமாதம்,” என்றார் வக்கீலம்மா. “உங்களுக்குக் கோடு போடத் தெரியும்னு நிரூபணம் ஆயிடுச்சு.”

அதன் பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். உழைத்ததற்கு ஆதாரம் வேறு, அதிகாரம் இருந்ததற்கு ஆதாரம் வேறு. குமாஸ்தாகூட ராப்பகலாக உழைக்கலாம், அதனால் அவர் அதிகாரி ஆகிவிட மாட்டார். ‘இவர் சொன்னால் இன்னொருவர் கேட்டே ஆக வேண்டும், இவர் சரி என்றால்தான் அடுத்தது நடக்கும்’ என்று காட்டுகிற தாள் வேண்டும். அப்படி ஏதாவது இருக்கிறதா?

கட்டம்மா யோசித்தார். மாற்று வகுப்புக்கு அனுப்பும் துண்டுச் சீட்டுகள் உண்டு, ஆனால் அவை அன்று மாலையே குப்பைக்குப் போய்விடும். பிறகு சொன்னார்: விடுப்பு விண்ணப்பத்தில் ஆறாவது கட்டம்.

எலும்பு டீச்சர் பல் வைத்தியரைப் பார்க்கத் திங்கட்கிழமை விடுப்புக் கேட்டிருந்தார். பையிலிருந்து தன் கல்லூரி விண்ணப்பத்தை எடுத்து வைத்தார். அதே எட்டுக் கட்டம், அதே ஆறாவது கட்டம்.

“உங்க காலேஜ்ல இதுல யாரு கையெழுத்துப் போடறாங்க?” என்றார் வக்கீலம்மா.

“நான்தான். ஏழு வருஷமா.”

“எங்க காலேஜ்லயும் நான்தான்,” என்றார் பக்கத்தில் இருந்த வணிகவியல் ஆசிரியை.

மேஜையைச் சுற்றி ஒரு சுற்று வந்தது. கட்டம்மாவோடு சேர்த்து ஏழு பேர். ஆறு வருடமாக மாதாமாதம் சந்திக்கிறவர்கள், ஒருவருக்கொருவர் மாமியார் சங்கதிவரை தெரியும், இந்தக் கட்டத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசியதில்லை. ஒவ்வொருவரும் அது தன் தலையில் மட்டும் விழுந்த வேலை என்று நினைத்திருந்தார்கள். சொல்லிக்கொள்ள அதில் என்ன இருக்கிறது என்று விட்டிருந்தார்கள்.

வக்கீலம்மா விண்ணப்பத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். கட்டத்தின் அடியில் எறும்பு ஊர்ந்தாற்போல் ஒரு கறை இருந்தது. மற்றவர்களும் தங்கள் கல்லூரிப் படிவத்தைக் கைபேசியில் தேடி எடுத்தார்கள். எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே கறை.

“இது அழுக்கு இல்ல, எழுத்து,” என்றார் நூலகர்.

நகலை நகல் எடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். பெரிய எழுத்துகளுக்கு ஒன்றும் ஆகாது. சின்ன எழுத்துகளின் சுழிகள் முதலில் நிரம்பும். அடுத்த நகலில் எழுத்தும் எழுத்தும் ஒட்டிக்கொள்ளும். பத்தாவது நகலில் ஒரு வரி முழுவதும் ஒரு கோடாகிவிடும், இருபதாவதில் தூசியாகிவிடும். அலுவலகங்களில் யாரும் அசலைத் தேடுவதில்லை. கையில் கிடைக்கும் கடைசித் தாளைத்தான் கருவியில் வைக்கிறார்கள். இந்தப் படிவம் எத்தனை வருடம் அப்படிப் பயணம் செய்ததோ.

நூலகர் கீழே போனார். பல்கலைக்கழகம் அச்சிட்ட படிவங்களையெல்லாம் முதல் பிரதியோடு சேர்த்துத் தைத்து வைப்பது அவருக்கு வேலையும் பைத்தியமும். கால் மணி நேரத்தில் தூசி தட்டியபடி ஒரு தடித்த தொகுப்போடு வந்து, பிரித்து மேஜைமேல் வைத்தார். ஆறாவது கட்டத்தின் கீழே, பொடி எழுத்தில், பளிச்சென்று இருந்தது: ‘நிர்வாகப் பொறுப்பு வகிக்கும் அலுவலர் மட்டுமே கையொப்பமிட வேண்டும். இக்கையொப்பம் இல்லாத விடுப்பு செல்லாது.’

எல்லோரும் குனிந்து படித்தார்கள். வக்கீலம்மா மட்டும் அந்த வரியைத் தடவிக் கொடுத்தார், பூனைக்குட்டியைத் தடவுவதுபோல.

“பதினோரு வருஷமா நீங்க அதிகாரியா இல்லேன்னா, பதினோரு வருஷமா உங்க காலேஜ்ல யாருமே லீவே எடுக்கலே,” என்றார்.

அடுத்தது ஆதாரம் சேர்ப்பது. மற்றவர்களுடைய பணிக்கோப்பைக் கட்டம்மா கேட்க முடியாது, அது அந்தரங்கம். ஆனால் விடுப்பு அனுமதியானதும் இரண்டாம் பிரதி விண்ணப்பித்தவர் கைக்கே வரும். அது அவருடைய சொத்து, கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். கடைசி ஐந்து வருடத்துக்கு வருடம் நாலைந்து கிடைத்தால் போதும். வக்கீலம்மா இன்னொன்றும் கண்டுபிடித்தார். அறிவிப்பின் கடைசிப் பக்கத்தில், வருங்காலப் பதவிகளுக்குத் தங்கள் நிர்வாக அனுபவத்தைப் பதிவுசெய்துகொள்ள விரும்புகிற யாரும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் இதே குழுவின் முன் ஆஜராகலாம் என்று இருந்தது. இதுவரை யாரும் ஆஜரானதாகத் தெரியவில்லை. அவர் அந்தப் பக்கத்தை நிமிர்த்தி மற்ற ஆறு பேருக்கும் காட்டினார்.

திங்கட்கிழமை காலை கட்டம்மா ஆசிரியர் அறையில் ஒவ்வொரு மேஜையாகப் போனார். பதினோரு வருடமாக அவர்கள் இவர் மேஜைக்கு வந்தார்கள். இப்போது இவர் போனபோது கால் கொஞ்சம் கூசியது. ஆனாலும் போனார். எதற்காகக் கேட்கிறார் என்பதை மறைக்கவில்லை. வேதியியல்காரர் வருட வாரியாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார், உறையோடு தந்தார். வரலாற்றுக்காரரிடம் இருந்த ஒன்று மூக்குக்கண்ணாடியைச் சுற்றிய நிலையில் கிடைத்தது. கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு, தாளைக் கையால் நீவிக் கொடுத்தார். ஒருவர், பொறுப்பு முதல்வர் தனக்கு வேண்டியவர் என்றும் தன்னை இதில் இழுக்க வேண்டாம் என்றும் கும்பிட்டார். இன்னொருவர், கட்டம்மா முதல்வர் ஆகிவிட்டால் அட்டவணை யார் போடுவார்கள் என்று உண்மையாகவே கவலைப்பட்டார். ஆய்வுக்கூட உதவியாளர் கேட்காமலேயே ஆறு பிரதிகள் கொண்டுவந்தார். தன் தங்கை கல்யாணத்துக்கும் அப்பாவின் கண் சிகிச்சைக்கும் எடுத்த விடுப்புகள் அவை என்றும், அன்றைக்கு அம்மா கையெழுத்துப் போட்டிருக்காவிட்டால் தான் கல்யாணத்துக்கே போயிருக்க முடியாது என்றும் சொன்னார்.

புதன்கிழமைக்குள் முப்பத்தொன்று சேர்ந்தது. வருட வாரியாக அடுக்கியபோதுதான் ஓட்டை தெரிந்தது. ஐந்து வருடத்தில் நடுவருடத்துக்கு ஒரு தாள்கூட இல்லை. அந்த வருடக் கடைசியில்தான் ஆசிரியர் அறைக்கு வெள்ளையடித்துப் பீரோக்களை மாற்றினார்கள். பீரோவுக்குள் போகாமல் மேஜைகளில் கிடந்த அந்த வருடக் காகிதமெல்லாம் மூட்டையாகப் போய்விட்டது. நடுவருடம் இல்லையென்றால் தொடர்ச்சி இல்லை. தொடர்ச்சி இல்லையென்றால் ஒன்றுமே இல்லை.

ஆனால் அந்த வருடம் யார் நீண்ட விடுப்பில் இருந்தார் என்பது கட்டம்மாவுக்கு மறக்கவே மறக்காது. அந்த நாற்பத்திரண்டு நாள் வகுப்புகளைப் பங்குபோட அவர் பட்ட பாடு அப்படி. முட்டி அறுவைச் சிகிச்சைக்காகப் போனவர் இயற்பியல் துறைத்தலைவர்.

வியாழக்கிழமை மறுபடியும் பொறுப்பு முதல்வர் அறைக்குப் போனார். இந்த முறை தேநீர் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவருடைய அந்த விடுப்பின் பிரதியைத் தர முடியுமா என்று கேட்டார். எதற்கு என்பதையும் சொன்னார்.

அவர் நெடுநேரம் பேனா மூடியைத் திருகினார்.

“அது என் சொந்த ஃபைல்மா.”

“ஆமா சார். அதனாலதான் உங்களைக் கேக்கறேன்.”

“நான் கொடுத்தா எனக்கு எதிரா நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகும். தப்பா எடுத்துக்காதீங்க, என்னால முடியாது.”

“சரி சார். முடியாதுன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு.”

வெளியே வந்து வக்கீலம்மாவுக்குக் கைபேசியில் சொன்னார். மறுமுனையில் கொஞ்சமும் வருத்தம் தெரியவில்லை. நாம் கேட்டால் உதவி, கமிட்டி கேட்டால் கடமை என்றார் வக்கீலம்மா. அவ்வளவுதான் வித்தியாசம், கேட்க வேண்டியவர்களைக் கேட்க வைக்கலாம். அன்று மாலை ஒரு மணி நேரம் எட்டுப் பேரும் கைபேசியிலேயே கமிட்டியாக மாறிக் கட்டம்மாவைக் கேள்வி கேட்டார்கள். எலும்பு டீச்சர் கேட்ட கேள்விகளுக்கு அவர்மேல் வழக்கே போடலாம்.

ஆட்சேபம் மறுநாள் பதிவானது. கடைசிப் பத்தியில் இப்படி எழுதியிருந்தது: ‘மூன்றாம் ஆண்டுக்கான ஆதாரம் தற்போதைய பொறுப்பு முதல்வரின் பணிக்கோப்பில் உள்ளது. குழு அதை வரவழைத்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ உதவி என்ற சொல் எங்கும் இல்லை. எழுதி முடித்ததும் கட்டம்மா அதைத் தேடிப் பார்த்தே உறுதி செய்துகொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை விசாரணை. குழுவில் மூன்று பேர். நடுவில் உட்கார்ந்திருந்த தலைவர் ஓய்வுபெற்ற பதிவாளர். காகிதத்தைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படிக்கிற பழக்கக்காரர். நூலகர் சான்றளித்த அசல் படிவத்தை முதலில் எடுத்தார், பொடி எழுத்தை இரண்டு முறை படித்தார். கட்டைப் புரட்டி மற்ற நான்கு வருடங்களையும் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஆறாவது கட்டத்தில் ஒரே கையெழுத்து.

“இதுக்கு உங்களுக்கு ஆணை யார் கொடுத்தாங்க?” என்றார் வலப்பக்கம் இருந்தவர்.

“யாரும் எழுதிக் கொடுக்கலைங்க. ஆனா இந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் பதினோரு வருஷமா அலுவலகம் லீவு கொடுத்திருக்கு. ஒரு தாளைக்கூட இது செல்லாதுன்னு திருப்பி அனுப்பினதில்லை.”

“விருப்பப்பட்டுச் செஞ்ச உதவின்னும் சொல்லலாமே?”

“உதவின்னா நான் ஒரு நாள் மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா அன்னிக்கு ஒருத்தரும் லீவு எடுத்திருக்க முடியாது.”

தலைவர் கையை நீட்டினார். குமாஸ்தா மூடி முத்திரையிட்ட ஓர் உறையை வைத்தார். வரவழைத்த பணிக்கோப்பு. பிரித்து, மூன்றாம் ஆண்டைத் தேடி எடுத்தார். முட்டி அறுவைச் சிகிச்சை, நாற்பத்திரண்டு நாள். கீழே விண்ணப்பித்தவரின் கையெழுத்து. ஆறாவது கட்டத்தில் கட்டம்மாவின் கையெழுத்து.

“இது செல்லாதுன்னா இந்த நாற்பத்திரண்டு நாளும்...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்தினார் தலைவர். வலப்பக்கத்துக்காரர் தண்ணீர் குடித்தார்.

“ஒண்ணு கேக்கறேன்மா,” என்றார் தலைவர். குரலில் கோபம் இல்லை, கணக்குப் போடுகிற குரல். “இதை நாங்க ஏத்துக்கிட்டா இது உங்களோட நிக்காது. எல்லாக் காலேஜ்லயும் இதே ஃபாரம்தான். எத்தனை பேர் வருவாங்கன்னு யோசிச்சீங்களா?”

“யோசிச்சேன் சார். இன்னிக்கு ஆறு பேர். வெளிய உக்காந்திருக்காங்க.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு கதவைப் பார்த்தார். கதவில் இருந்த கண்ணாடிச் சதுரத்தின் வழியே ஒரு பெஞ்சும், பெஞ்சில் வரிசையாக மடிமேல் இருந்த காகிதக் கட்டுகளும் தெரிந்தன. பிறகு இரண்டு பக்கமும் இருந்தவர்களோடு தாழ்ந்த குரலில் பேசினார். ஐந்து நிமிடம் ஆனது. கட்டம்மா எண்ணவில்லை, சுவர்க் கடிகாரம் எதிரிலேயே இருந்தது.

கடைசியில் அவர் பேனாவை எடுத்து நிராகரிப்புப் பட்டியலில் ஒரு பெயரை அடித்தார். மேலே இருந்த பட்டியலில் ஐந்தாவதாக அதையே எழுதினார். எதிரே ‘நிர்வாகப் பொறுப்பு: பதினோரு ஆண்டுகள். ஆதாரம் காணப்பட்டது: ஐந்து’ என்று எழுதி, மூன்று பேரும் கையெழுத்திட்டார்கள். நேர்முகத் தேர்வு மூன்று வாரத்தில். அது வேறு போர், அதற்கு வேறு சனிக்கிழமை இருக்கிறது.

“அடுத்தவங்களை வரச் சொல்லுங்க,” என்றார் தலைவர் குமாஸ்தாவிடம்.

கட்டம்மா வெளியே வந்ததும் எட்டு முகங்களும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. அவர் தலையை ஒரு முறை ஆட்டினார். வக்கீலம்மா கண்ணை மூடித் திறந்தார். நூலகர் பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்து அழுத்தினார். யாரும் சத்தம் போடவில்லை, கதவு இன்னும் முழுவதும் மூடியிருக்கவில்லை.

எலும்பு டீச்சர் கட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். கட்டம்மா அவரை நிறுத்தி, கட்டை வாங்கி, பெஞ்சின்மேல் வைத்து மளமளவென்று தலைகீழாக அடுக்கினார்.

“கடைசி வருஷம் மேல இருக்கட்டும். அவர் கீழேயிருந்துதான் படிக்கிறார். அசல் ஃபாரத்தைத் தனியா கையில வெச்சுக்கோ, அதைத்தான் முதல்ல கேப்பார். வலது பக்கத்துல இருக்கறவர் உதவியான்னு கேப்பார். அவசரப்படாம பதில் சொல்லு.”

“சொல்றேன் அக்கா,” என்று எலும்பு டீச்சர் உள்ளே போனார்.

கட்டம்மா அவர் விட்டுப்போன இடத்தில் உட்கார்ந்து, அடுத்தவருடைய கட்டை வாங்கிப் பிரித்தார்.